கராஜ் அறையும் கவுன்ட்டியின் கடிதமும்

கலிஃபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவரும் கணவரும் 2021இல் ஒரு பழைய வீட்டை வாங்கினார்கள். வீட்டை ஒட்டிய, கார் நிறுத்தும் கராஜை முந்தைய உரிமையாளர் 2016 வாக்கில் அறையாக மாற்றி, சின்னச் சமையல் மேடையும் கழிப்பறையும் வைத்திருந்தார். ‘கராஜ் மாற்றப்பட்டுள்ளது, பெர்மிட் உண்டா என்பது தெரியாது’ என்று விற்பனைத் தாள்களில் ஒரு வரி இருந்திருக்கிறது. அப்போது இவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2022இல் தெரிந்த ஒருவரை வைத்து ஷவர், ஏசி, இண்டக்‌ஷன் அடுப்புக்குத் தனி மின் இணைப்பு ஆகியவற்றைச் சேர்த்தார்கள். அலமாரி வைப்பதற்காக இருந்த ஒரே ஜன்னலையும் அடைத்துவிட்டார்கள். கேஸ் வாட்டர் ஹீட்டர் அறையின் மூலையில், கதவு போட்ட ஓர் அடைப்புக்குள் இருக்கிறது. மதுரையிலிருந்து அம்மாவும் அப்பாவும் ஆறு மாதம் தங்க வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் அந்த அறை.

போன வாரம் வாசற்கதவில் கவுன்ட்டியின் (மாவட்டம் போன்ற உள்ளாட்சி நிர்வாகம்) கடிதம் ஒட்டப்பட்டிருந்தது. ‘அனுமதியின்றிக் கராஜ் வசிப்பிடமாக மாற்றப்பட்டதாகப் புகார் வந்துள்ளது, 30 நாளுக்குள் தொடர்புகொள்ளவும்’ என்று எழுதியிருக்கிறது. கணவர் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார், கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் உள்ளது. “பேசாமல் எல்லாவற்றையும் இடித்துவிடலாமா? இன்ஸ்பெக்டர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வருவாரா? மொத்த வீட்டுக்கும் வரி ஏறுமா? விசாவுக்கு ஆபத்தா? நண்பர் ஒருவர், ‘உள்ளே ஆள் இருக்கிறது, ஐயாயிரம் டாலர் ரொக்கமாகக் கொடுத்தால் முடித்துத் தருகிறேன்’ என்கிறார். கொடுக்கலாமா? புகார் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்க் கேட்கலாமா?” இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

பல ஆண்டுகள் ஒரு கவுன்ட்டியின் திட்ட அனுமதித் துறையில் வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஆறுதலாக முதலில் ஒன்று: உங்கள் கதவில் ஒட்டியிருப்பது தண்டனை இல்லை, ஒரு கேள்வி. இந்த நிலையில் பதில் சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் நல்ல வழி கிடைக்கிறது. பதில் சொல்லாமல் விடுகிறவர்களுக்குத்தான் அபராதம், கெடு, சொத்தின் மேல் பாக்கிப் பதிவு என்று ஒவ்வொன்றாக வந்து சேர்கிறது. ஆகவே இந்த வாரமே பதில் போடுங்கள்.

இடித்துவிடலாம் என்ற யோசனையைக் கைவிடுங்கள். கேஸ் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் மின் இணைப்பையும் அகற்றி மூடுவதற்கே பெர்மிட் தேவைப்படும். அவசரமாக இடித்தால் பெர்மிட் இல்லாத இரண்டாவது வேலையாக அது பதிவாகும். புகாரும் மூடப்படாது. அதைவிட முக்கியம், 2016இல் கட்டிய பகுதிக்குச் சட்டம் தரும் பெரிய சலுகையை உங்கள் கையாலேயே உடைத்துப் போட்டதாகிவிடும். அந்தச் சலுகையைப் பின்னால் விளக்குகிறேன்.

அந்த அலுவலகம் யாருக்காக இருக்கிறது

உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தில், “முதலில் நகர அலுவலகத்துக்குப் போன் செய்தோம், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் குழப்பம் நம்மவர்களிடம் நிறைய உண்டு. கலிஃபோர்னியாவில் 58 கவுன்ட்டிகள் இருக்கின்றன. நகர எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்கு நகரம் அனுமதி தரும். எந்த நகரத்திலும் சேராத பகுதிக்குக் கவுன்ட்டிதான் நேரடி நிர்வாகம். தபால் முகவரியை வைத்து இதைச் சொல்லிவிட முடியாது. முகவரியில் சான் ஹோசே என்று இருக்கும், இடம் சான்டா கிளாரா கவுன்ட்டியின் நேரடிப் பொறுப்பில் இருக்கும். காஸ்ட்ரோ வேலி ஊர் முழுவதுமே அலமீடா கவுன்ட்டியின் கீழ்தான் வருகிறது. நம் குடும்பங்கள் ஏராளமாக வாழும் மவுன்டன் ஹவுஸ் 2024 ஜூலை 1 அன்றுதான் நகரமானது, அதுவரை சான் வாக்கீன் கவுன்ட்டியின் பொறுப்பில் இருந்தது. வீட்டு மனையின் பதிவு எண்ணான பார்சல் எண்ணைக் கவுன்ட்டியின் இணைய வரைபடத்தில் போட்டுப் பார்த்தால், எந்த நிர்வாகம், எந்த ஜோனிங் (நிலப் பயன்பாட்டு வகை), பழைய பெர்மிட்டுகள் என்னென்ன என்று பெரும்பாலான கவுன்ட்டிகளில் வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

துறைக்குள் வழக்கமாக மூன்று பிரிவுகள் இருக்கும். நிலத்தில் எதைக் கட்டலாம், எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டலாம் என்று பார்ப்பது பிளானிங். வரைபடத்தைச் சரிபார்த்து, வேலை நடக்கும்போது வந்து பார்ப்பது பில்டிங். புகாரை விசாரிப்பது கோட் என்ஃபோர்ஸ்மென்ட். உங்களுக்குக் கடிதம் எழுதியது மூன்றாவது பிரிவு. தீர்வு கிடைக்கப்போவது முதல் இரண்டில். பயத்தில் இருக்கிறவர்களுக்குக் கடிதம் அனுப்பிய அதிகாரி மட்டும்தான் கண்ணில் படுவார். நீங்கள் போய் நிற்க வேண்டியது பெர்மிட் கவுன்டர்.

அந்தக் கவுன்டரை நம் ஊர் அலுவலக அனுபவத்தோடு அணுகாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் கட்டட அனுமதிக்காக நடையாய் நடந்தவர்களின் மனதில் ஓர் அச்சம் ஊறிப்போயிருக்கிறது. ஆள் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் வம்பு என்ற அச்சம். இங்கே கவுன்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதே வேலை. வீட்டு முகவரியைக்கூடச் சொல்லாமல், “2020க்கு முன் மாற்றிய கராஜுக்கு அனுமதி வாங்க என்ன செய்ய வேண்டும்?” என்று பொதுவாகக் கேட்கலாம். ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பெரியவர்கள் மொழிபெயர்ப்பு உதவியும் கேட்கலாம். வாங்கும் கட்டணம் அந்தச் சேவைக்கு ஆகும் நியாயமான செலவைத் தாண்டக் கூடாது என்பது மாநிலச் சட்டம். லாபத்துக்காக வசூலிப்பதில்லை.

ஒரு சமூகத்துக்கு இந்தத் துறை எவ்வளவு தேவை என்பது பேரிடர் வரும்போது தெரியும். 2017 அக்டோபரில் சொனோமா கவுன்ட்டியில் காட்டுத் தீ ஆயிரக்கணக்கான வீடுகளை எரித்தது. மறுகட்டுமான விண்ணப்பங்களுக்காக மட்டும் 2018இல் அந்தக் கவுன்ட்டி தனி அனுமதி மையம் திறந்தது. 2025 ஜனவரி 7 அன்று தொடங்கிய ஈட்டன் தீயில் ஆல்டடீனா ஊரின் பெரும்பகுதி அழிந்தது. அதுவும் எந்த நகரத்திலும் சேராத ஊர். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டிதான் பல துறைகளை ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்து மக்களுக்கு வழிகாட்டியது. எரிந்ததைப் போலவே திரும்பக் கட்டிக்கொள்ள எளிய வழி தரும்போது, சட்டப்படி கட்டியதாகப் பதிவில் இருப்பதைத்தான் அடிப்படையாகக் கொள்வார்கள். பதிவில் இல்லாத அறை எரிந்துபோனால், அது இருந்தது என்று சொல்ல உங்களிடம் எதுவும் இருக்காது. காப்பீட்டு நிறுவனமும் அதைத்தான் முதலில் கேட்கும்.

இன்ஸ்பெக்டரின் அதிகாரம், உங்கள் உரிமை

இன்ஸ்பெக்டர் நினைத்தபோது உள்ளே வர முடியாது. சான் பிரான்சிஸ்கோவில் எழுந்த ஒரு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் சம்மதம் வேண்டும், அல்லது நீதிமன்றம் தரும் சோதனை ஆணை வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் மட்டும் விதிவிலக்கு. ஆகவே நாளையே அவர் கதவைத் தட்டினால், “ஒரு நிபுணரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம், நாள் குறித்துச் சொல்கிறோம்” என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பலாம். அதற்காகக் கோபப்பட அவருக்குக் காரணமில்லை.

ஆனால் கதவை ஒரேயடியாகச் சாத்திவைக்கும்படி நான் சொல்ல மாட்டேன். ஆணை வாங்கி வந்தால் எல்லாவற்றையும் அவர்கள் வரிசைப்படி பார்ப்பார்கள். நீங்களே நாள் குறித்து, தயாராக இருந்து அழைத்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

2016 வேலையும் 2022 வேலையும் வேறு வேறு

உங்கள் விஷயத்தின் மையம் இதுதான். எழுதிய எல்லாவற்றையும் விட இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

வீட்டோடு சேர்ந்த சிறு தனி வசிப்பிடங்களை இங்கே ஏ.டி.யூ. என்கிறார்கள். வீட்டுப் பற்றாக்குறையால் மாநில அரசு இவற்றை ஊக்குவிக்கிறது. 2020 ஜனவரி 1க்கு முன் அனுமதியின்றிக் கட்டிய ஏ.டி.யூ.க்களைச் சட்டபூர்வமாக்க ஏபி 2533 என்ற சட்டம் 2025 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி, அந்தக் கட்டுமானம் இன்றைய கட்டட விதிகளுக்கு முழுதாகப் பொருந்தவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் கவுன்ட்டி அனுமதி மறுக்க முடியாது. ஆரோக்கியத்துக்கும் உயிருக்கும் கேடான குறைகள் என்று மாநிலச் சட்டம் பட்டியலிட்டவற்றைத்தான் திருத்தச் சொல்லலாம். அனுமதியின்றி இருந்ததற்காக அபராதமும் விதிக்கக் கூடாது. விண்ணப்பிக்கும் முன், உரிமம் பெற்ற கான்ட்ராக்டர் ஒருவரை வைத்து நீங்களே ரகசியமாகச் சோதித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. இதைக் கட்டாயம் செய்யுங்கள். உங்கள் வீட்டில் என்ன குறை என்று கவுன்ட்டிக்குத் தெரிவதற்கு முன் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மாற்றம் 2020க்கு முன் நடந்தது என்பதற்கு ஆதாரம் சேர்க்க வேண்டும். வீடு விற்பனைக்கு வந்தபோது வெளியான பழைய விளம்பரப் படங்கள், விற்றவர் கையெழுத்திட்ட தாள்கள், கூகுள் தெருக்காட்சியின் பழைய ஆண்டுப் படங்கள் எல்லாம் உதவும். 2016இலோ 2018இலோ எடுத்த படத்தில் கராஜ் கதவு இருந்த இடத்தில் சுவர் தெரிந்தால், பாதி வேலை முடிந்த மாதிரி.

2022இல் நீங்கள் செய்த வேலைகள் இந்தச் சலுகையில் வராது. ஷவர், ஏசி, மின் இணைப்பு இவற்றுக்கு வழக்கமான பெர்மிட் வாங்க வேண்டும். முதலில் வாங்காமல் செய்ததற்காகப் பல கவுன்ட்டிகள் பெர்மிட் கட்டணத்துக்குச் சமமான ஒரு தொகையைக் கூடுதலாகப் போடும். வயர் தடிமன் சரிதானா என்று பார்க்க இரண்டொரு இடத்தில் சுவரைத் திறக்கச் சொல்லலாம். இந்தச் செலவுக்குத் தயாராக இருங்கள். இரண்டையும் கலந்து, எல்லாமே முன்பிருந்தவர் செய்தது என்று எழுதிவிடலாமா என்று உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். ஏசி பெட்டியின் மேலேயே தயாரித்த ஆண்டு அச்சிட்டிருக்கும். மேலும், அரசு விண்ணப்பத்தில் பொய்க் கையெழுத்து இட்டால், இப்போது இல்லாத விசாச் சிக்கலை நீங்களே உண்டாக்கிக்கொள்வீர்கள்.

துறைக்கும் கெடு உண்டு. முழுமையான ஏ.டி.யூ. விண்ணப்பம் கிடைத்த 60 நாளுக்குள் அனுமதிக்க வேண்டும் அல்லது மறுக்க வேண்டும். மறுத்தால் என்ன குறை, எப்படிச் சரிசெய்வது என்று மொத்தமாக எழுத்தில் தர வேண்டும். 60 நாளில் எதுவும் செய்யாவிட்டால் அனுமதித்ததாகவே சட்டம் கருதும். பக்கத்து வீட்டாரின் சம்மதமோ பொது விசாரணையோ தேவையில்லை. கராஜ் போனதற்குப் பதிலாக வேறு கார் நிறுத்துமிடம் காட்டச் சொல்லவும் முடியாது. 750 சதுர அடிக்குக் குறைந்த ஏ.டி.யூ.வுக்கு, பள்ளிக் கட்டணம் போன்ற ஒன்றிரண்டு தவிர, உள்கட்டமைப்புக் கட்டணமும் கிடையாது. இந்த விதிகளைக் கவுன்ட்டி பின்பற்றவில்லை என்றால் மாநில வீட்டுவசதித் துறையிடம் முறையிடலாம்.

கையில் இப்போது பணம் இல்லை என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. 2020க்கு முன் கட்டிய ஏ.டி.யூ.வுக்கு, உயிர்ப் பாதுகாப்பு சம்பந்தப்படாத திருத்தங்களை ஐந்து ஆண்டு தள்ளிவைக்கும்படி எழுதிக் கேட்கலாம். இதை நான் இரண்டாவது வழியாகத்தான் சொல்வேன். தள்ளிவைத்த வேலை வீட்டை விற்கும்போது திரும்ப வந்து நிற்கும், வீட்டை வாங்குகிறவருக்குப் பெர்மிட் இல்லாத மாற்றங்களை எழுத்தில் சொல்லியே ஆக வேண்டும்.

அப்பா அம்மாவை இப்போது அங்கே படுக்க வைக்காதீர்கள்

இதைக் கடுமையாகவே சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாதது கவுன்ட்டியின் நோட்டீஸ் இல்லை. அடைத்த ஜன்னலும் அந்த வாட்டர் ஹீட்டரும்தான்.

படுக்கும் அறையில் ஆள் வெளியே ஏறிக் குதிக்கிற அளவுக்கு ஒரு ஜன்னலோ நேராக வெளியே போகும் கதவோ இருக்க வேண்டும். ஜன்னல் என்றால் திறந்த பரப்பு 5.7 சதுர அடி, தரைமட்டத் தளத்தில் 5 சதுர அடி. அதன் கீழ் விளிம்பு அறைத் தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. தீயணைப்பு வீரர் முதுகில் காற்றுச் சிலிண்டரோடு உள்ளே நுழைய முடிகிற அளவு அது. அறையிலிருந்து வீட்டுக்குள் போகும் ஒரு வழியில் புகை சூழ்ந்துவிட்டால், எழுபது வயதுப் பெரியவர்கள் எங்கே போவார்கள்?

கேஸ் ஹீட்டர் எரியக் காற்று வேண்டும். அடைத்த அறையில் அது ஆள் சுவாசிக்கும் காற்றையே எடுக்கும். புகைபோக்கி சரியாக இழுக்கவில்லை என்றால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் தேங்கும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. படுக்கை அறைக்குள் இருக்கும் ஹீட்டர் வெளிக்காற்றை மட்டும் எடுத்து வெளியே விடுகிற வகையாகவோ, காற்றுப் புகாத கதவு போட்டு வெளியிலிருந்து காற்று வரும் அடைப்புக்குள்ளோ இருக்க வேண்டும் என்று விதி சொல்வது இதனால்தான். நிலநடுக்கத்தில் சாயாதபடி இரும்புப் பட்டைகளால் சுவரோடு கட்டவும் வேண்டும்.

2016 டிசம்பரில் ஓக்லண்டில் வசிப்பிடமாக மாற்றப்பட்டிருந்த ஒரு கிடங்கில் தீப்பிடித்து 36 பேர் இறந்தார்கள். அங்கே மக்கள் வசிக்க அனுமதி இல்லை, வெளியேறச் சரியான வழியும் இல்லை. வரைபடம் சரிபார்க்கிறவர்கள் ஒவ்வொரு ஜன்னலையும் அளந்து பார்ப்பதன் பின்னால் இப்படிப்பட்ட மரணங்கள் இருக்கின்றன. ஏபி 2533 சலுகையிலும் தள்ளிப்போடும் சலுகையிலும் இந்த இரண்டு குறைகளும் தப்ப முடியாததற்கும் அதுவே காரணம்.

ஆகவே வேலை முடிந்து இறுதிச் சோதனையில் கையெழுத்தாகும்வரை பெரியவர்கள் வீட்டுக்குள் இருக்கும் அறையில் தூங்கட்டும். குழந்தைகள் ஹாலில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளலாம். இன்றைக்கே ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரமும் புகை அலாரமும் வாங்கி மாட்டுங்கள். அலமாரியை நகர்த்தி ஜன்னலைத் திறந்துவிடுங்கள். அவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு அறையை வாடகைக்கு விடும் எண்ணமும் பெர்மிட் வந்த பிறகுதான். அனுமதியில்லாத வசிப்பிடத்துக்கு வாடகை கேட்கும் உரிமையே இங்கே கிடையாது.

வரி, விசா, பக்கத்து வீடு, ரொக்கம்

வரி: 1978இல் வந்த 13ஆம் முன்மொழிவு என்ற மாநிலச் சொத்து வரிச் சட்டத்தின்படி, புதிதாகச் சேர்ந்த கட்டுமானத்தின் மதிப்பு மட்டுமே கூடும். நீங்கள் 2021இல் வாங்கிய மதிப்பு அப்படியே இருக்கும், அது ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. மொத்த வீட்டையும் மறுபடி மதிப்பிடுவார்கள் என்று உங்களிடம் சொன்னவர் தவறாகச் சொல்லிவிட்டார்.

விசா: திட்ட அனுமதித் துறைக்கும் குடியேற்றத் துறைக்கும் சம்பந்தம் இல்லை. வந்திருப்பது ஒரு விசாரணைக் கடிதம், கைதோ குற்றச்சாட்டோ இல்லை. ஆனால் தொடர்ந்து அலட்சியம் செய்தால் சில கவுன்ட்டிகளில் இது சிறு குற்ற வழக்காகவும் மாறலாம். அப்போது கிரீன் கார்டுப் படிவத்தில் உள்ள கேள்விகளுக்குப் பதில் எழுதுவது சிக்கலாகும். அபராதச் சீட்டு என்று எது வந்தாலும் உடனே உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

பக்கத்து வீடு: போய்க் கேட்காதீர்கள். புகார் கொடுத்தது அவர்தான் என்பது உங்கள் ஊகம். அவராகவே இருந்தாலும், வேலை நடக்கும்போது சத்தத்தையும் தூசியையும் பொறுத்துக்கொள்ளப் போகிறவரும் அவர்தான்.

ரொக்கம்: ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். அந்தப் பணம் அதிகாரியிடம் போனால் லஞ்சம், போகாவிட்டால் மோசடி. விண்ணப்ப வேலையைப் பார்த்துத் தரும் நேர்மையான ஆட்களும் இருக்கிறார்கள், அவர்கள் ஒப்பந்தம் எழுதி ரசீது கொடுப்பார்கள். கான்ட்ராக்டர் என்றால் மாநில உரிம வாரியத்தின் இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். முன்பணமாக ஒப்பந்தத்தில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதற்கு மேல் அவர் கேட்கக் கூடாது. “பெர்மிட்டை உங்கள் பெயரிலேயே எடுத்துவிடுங்கள்” என்று கான்ட்ராக்டரே சொன்னால் அவரை விட்டுவிடுங்கள். வேலையாளுக்கு அடிபட்டால்கூட அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் வந்து விழும்.

சரி, இன்றைக்கு என்ன செய்வது? கடிதத்தில் உள்ள புகார் எண்ணைக் குறிப்பிட்டு, அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். கடிதம் கிடைத்தது, 2021இல் வாங்கியபோதே கராஜ் அறையாக இருந்தது, ஏபி 2533இன் கீழ் சட்டபூர்வமாக்க விரும்புகிறோம், அதற்கான சரிபார்ப்புப் பட்டியலை அனுப்புங்கள், வரைபடம் தயாரிக்க 60 நாள் அவகாசம் வேண்டும் என்று நாலைந்து வரி போதும். 2022 வேலைகளை விண்ணப்பத்தில் முறையாகக் காட்டலாம், மின்னஞ்சலில் விளக்கம் எழுத வேண்டாம். அவகாசம் தந்ததை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் விற்பனைத் தாள்களைத் தேடி எடுத்து, முன்பிருந்தவர் வேறு எதையாவது மறைத்திருக்கிறாரா என்று ஒரு சொத்து வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அந்த உரிமைக்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போட வேண்டாம்.

வரைபடம் சரிபார்க்கும் பிளான் செக்கில் இருந்து முதல் திருத்தப் பட்டியல் வந்ததும் அதை எனக்கு அனுப்பிவையுங்கள். எதைக் கட்டாயம் செய்ய வேண்டும், எதைக் கேள்வி கேட்கலாம் என்று பிரித்துச் சொல்கிறேன்.